எலியா, கத்திரிக்கோலா?

வெட்டிக் கழுவிய மீனை மறுபடியும் தராசில் போடச் சொல்கிறார் கைறுன்னிஸா. வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை நிறுத்தாயிற்று. மீன்காரர் பக்கீர் முணுமுணுத்துக்கொண்டே போடுகிறார். "உள்ளுக்க எவ்வளவு இரிந்திச்சி, வெளிய எவ்வளவு வந்திச்சி, அதத்தான் பாக்கிறன். கோவிக்காதீங்க பக்கீர் காக்கா!" காத்தான்குடிச் சந்தையில் இவரைத் தூரத்தில் கண்டாலே வியாபாரிகள் தராசைத் துடைத்து வைத்துவிடுகிறார்கள்.

தகப்பனார் கச்சி முகம்மது சாரன், அதாவது கைலி, நெய்து விற்றவர். இந்த அளவு பார்க்கிற புத்தி அங்கிருந்து வந்தது என்று சொன்னால் கைறுன்னிஸாவுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "அப்ப நான் படிச்சி எடுத்த டிப்ளோமா சும்மாவா?" தன்னடக்கம் என்கிற சாமானை அவர் கடையில் கேட்டதேயில்லை. மட்டக்களப்பு நகரத்து நிவாரண அலுவலகம் ஒன்றின் கணினிப் பிரிவு முழுவதும் அவர் ஒருவர்தான். அதன் தரவுத்தளத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'இவன்'. "இவன் இண்டைக்கி மூஞ்சியத் தூக்கி வெச்சிரிக்கான்" என்பார்.

சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களைத் தேடுவதற்காக, கரையோரக் குடும்பங்களிடம் மிஞ்சிய படங்களை அந்த அலுவலகம் ஸ்கேன் செய்து தரவுத்தளத்துக்குள்ளேயே போட்டு வைத்தது. அசலை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அப்புறம் வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. கட்டிய துணியோடு ஓடியவர்கள் படத்தையா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? யுத்தம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து தங்கள் படத்தைக் கேட்டார்கள். கதிரவெளி சீதேவிப்பிள்ளை வந்தது மகளின் படத்துக்காக. கடல் கொண்டுபோன அந்தப் பிள்ளைக்கு, பூப்படைந்தபோது செய்த சாமத்தியவீட்டில் எடுத்த அந்த ஒரு படம்தான் இருந்தது.

திறந்தால் பந்தலும் தோரணமும் வந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பிள்ளையைக் காணவில்லை.

இங்கிருந்த பழைய கணினியிலிருந்து கொழும்பிலுள்ள புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றியவர் கைறுன்னிஸாதான். அதற்குப் பிறகு பழையது உப்புக்காற்றில் துருவேறிச் செத்தே போய்விட்டது. மாற்றிய அன்று சரிபார்க்காமலும் இல்லை. ஆனால் லைன் அறுந்துபோவதற்குள் பார்த்து முடிக்க வேண்டுமென்று, முத்திரை அளவுச் சின்னப் படங்களாகத் தேடித் திறந்திருந்தார். எங்கள் ஊர் டெலிபோன் லைனோடு மாரடித்தவர் எவரும் அதைத்தான் செய்வார். இப்போதோ பெரிய படங்கள் எல்லாமே பாதியில் நின்றன. பழுதானவற்றை அழித்து இடத்தை மிச்சம் பிடிக்கும்படி தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

அவர் அழிக்கவில்லை. நான் அவரைப் பார்க்கப் போனபோது, அரைகுறையாக வந்த படங்களை ஒவ்வொன்றாகச் சேமித்து, ஒவ்வொரு கோப்பும் எத்தனை பைட் என்று அளவு பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மேசையில் ஓங்கி அடித்தார். எல்லாம் ஒரே அளவு.

"எலி கடிச்சா சாரன் எல்லாம் ஒரே அளவாவா கிழியும்? இது கத்திரிக்கோல் அண்ணன், கத்திரிக்கோல்!"

உனக்குள் இருக்கிற படம் எவ்வளவு பெரிது என்று தரவுத்தளத்தையே ஒரு வரியில் கேட்டார். வந்த எண் பல மடங்கு பெரியது. படம் உள்ளே முழுசாகத்தான் இருந்திருக்கிறது. அதை எடுத்துத் தருகிற நிரல்தான், 'இவ்வளவுக்கு மேல் எடுக்காதே' என்று புதுக் கணினியில் யாரோ விட்டு வைத்த வரம்புக்குக் கட்டுப்பட்டு, பாதியில் வெட்டித் தந்திருக்கிறது. சின்னப் படங்கள் அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

வரம்பைத் திருத்தினார். மறுபடியும் வந்து காத்திருந்த சீதேவிப்பிள்ளையைத் தன் கதிரையிலேயே இருத்தினார். படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. பந்தல், தோரணம், நெற்றிச்சுட்டி, கண்கள்.

"அந்தா என்ட புள்ள! பல்லுத் தெரியச் சிரிக்காதடி எண்டு சொல்லச் சொல்லச் சிரிச்சவள்..."

கைறுன்னிஸாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா! இவன் தின்னல்ல. வெச்சிக்கிட்டு இல்லயென்டிரிக்கான், கள்ளன்!"

'உங்கள் படமும் பழுது' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பக் கிளம்பியவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். இந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தார்கள். கைறுன்னிஸா வயர்களை இழுத்துத் தளர்த்தி, அந்தப் பாரமான மொனிட்டரை இரண்டு கையாலும் பிடித்து, சீதேவிப்பிள்ளையின் கன்னத்தோடு உரசுமளவுக்கு, அவர்களும் பார்க்கும்படி வாசல் பக்கம் திருப்பி வைத்தார்.