சகலை எடுத்த ஏழு சீட்டுகள்

1987 ஜனவரி 18: இருவர், 4.
1996 மே 5: இருவர், 10.
2008 டிசம்பர் 28: இருவர், 30.
2014 ஆகஸ்டு 10: நாங்கள் இருவர், 80. சகலைக்கு இல்லை.
2018 பிப்ரவரி 4: நாங்கள் இருவர், 80. சகலைக்கு இல்லை.

தீவின் நுழைவாயிலில் நான் கட்டிய கட்டணங்களில் சில இவை. முதல் மூன்றையும் வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர் என் சகலை, மனைவியின் தங்கை கணவர்.

கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல்திட்டுதான் தீவு. கடலின் அடியை அது வாங்கிக்கொள்வதால் எங்கள் ஊர் நிற்கிறது. பறவைகள் வெறும் மணலில் முட்டையிடும் இடம் என்பதால் காவல் உண்டு. பாலத்தின் முனையில் இருந்த சீட்டு அறையில் சகலை இருபத்தேழு ஆண்டு உட்கார்ந்திருந்தார். சன்னல் இடுக்கில் சேரும் மணலைப் பழைய பல் பிரஷால் தள்ளிக்கொண்டே பேசுவார். என்னை ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

"அண்ணே, சொந்தமெல்லாம் வீட்டோட. இங்க சீட்டு."

"நான் என்ன ஓசியிலயா கேட்டேன்?"

"வாய் கேக்கல. மூஞ்சி கேக்குது."

வரிசையே சிரிக்கும்.

ஒவ்வொரு முறையும் காற்றையும் அலையையும் நோட்டில் குறித்து வந்தவன் நான். ஆனால் என் மனைவி சந்தேகம் கேட்பது அவரிடம்தான். "மாப்பிள்ளை கூட வந்தாதான் தீவு தீவா இருக்கு" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

ஓய்வு பெற்றபின் ஒரே ஒரு முறையாவது அவர் வரிசையில் நின்று காசு கொடுப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன். முதல் நாளே காவலர், "ஐயா, வாங்க வாங்க" என்று தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். சகலை உள்ளே போய்த் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, இன்னும் சில்லறை தேடுறீங்களா?" என்றார்.

பணி முடிந்தவர்களுக்குச் சலுகை இல்லை என்று பலகையிலேயே எழுதியிருந்தது. நான்கு ஆண்டு பொறுத்தேன். பிறகு அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு மனு அனுப்பினேன். அவர் கட்டணமின்றி நுழைந்த பதினொரு தேதிகள், நேரம், அன்றைய காற்றின் திசை உட்பட எழுதியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார்.

"யாரோ ஒரு மகராசன் என்னைப் பத்தி எழுதிப் போட்டிருக்கான். ஆபீஸ்ல கூப்பிட்டுக் காட்டினாங்க. இனிமே நானும் சீட்டு எடுக்கணுமாம்."

"யாருங்க அப்படி வேலை மெனக்கெட்டு எழுதுனது?" என்றாள் மனைவி.

"பேர் இல்லம்மா." அவர் பார்வை அலமாரியில் இருந்த என் நோட்டுகள் மீது போயிற்று. "ஆனா காத்து எந்தப் பக்கம் அடிச்சதுன்னு கூட இருக்கு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். அவர் தண்ணீரைக் குடித்து டம்ளரை ஓசையில்லாமல் வைத்துவிட்டு எழுந்தார்.

அதன்பின் அவர் எங்களோடு தீவுக்கு வரவில்லை. தனியாகப் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். எந்த நாள், எந்த வேளை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு வாயிலில் நின்று பார்த்தேன், அகப்படவில்லை.

கடைசியில் ஓர் உறை வந்தது. உள்ளே ஏழு நுழைவுச் சீட்டுகள், ஒவ்வொன்றும் 40. பின்புறம் என்னுடையதைவிட அழகான கையெழுத்தில் தேதி, நேரம், காற்றின் திசை. கூட ஒரு துண்டுக் காகிதம்: "அண்ணே, உங்க நோட்டுல இதுவும் ஏறட்டும். விட்டுப்போனா உங்களுக்குத் தூக்கம் வராது."

ஏழையும் பதிந்தேன். அவர் சீட்டு எடுத்ததை ஒருமுறைகூட நான் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார். அவரிடமிருந்து வேறு கடிதம் இல்லை.

உறை வந்து சேர்ந்த நாள்: 2019 அக்டோபர் 17.