இடக்கைப் புளோயர்

போடியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஏலக்காய் உலர்த்தும் அறைகள் செய்கிறார்கள். வெட்டுவதும் வெல்டிங்கும் கீழே. மாடியில் கம்ப்யூட்டரில் வரைவது நான் ஒருத்திதான். தூண், கதவு, ட்ரே, சூடான காற்றை உள்ளே ஊதும் புளோயர் என்று தனித்தனியாக வரைந்து, திரையிலேயே ஒன்றோடொன்று பூட்டி முழு அறையாக நிறுத்துவேன்.

போன மழைக்காலத்தில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஒரு எஸ்டேட்டுக்காக ஓர் அறை வரைந்து முடித்திருந்தேன். அங்கிருந்து போன் வந்தது. கட்டிடத்தின் வலப்பக்கம் பாறை இருக்கிறதாம், புளோயரை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டுமாம். முதலாளி மாடியேறி வந்தார்.

"மிரர் பண்ணி விட்டுரு ஆத்தா. அதுக்குத்தானே அந்தப் பட்டன் இருக்கு."

அவர் நிற்கும்போதே எல்லாவற்றையும் சேர்த்துக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பினேன். ட்ரே தாங்கும் ஆங்கிள்களைத் தூணிலிருக்கும் துளைகளை வைத்து வரிசையாக அமரும்படி பேட்டர்ன் போட்டிருந்தேன். திருப்பிய தூணின் துளைகளை அது கண்டுகொள்ளவில்லை. ஆங்கிள் அத்தனையும் ஒரே இடத்தில் குவிந்து, திரையோரம் முழுக்கப் பிழைக் குறிகளால் சிவப்பாகிவிட்டது. எரிச்சலை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். படம் அழகாகத் திரும்பியிருந்தது. அவர் உடனே பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

புளோயர் தப்பு என்றேன். தூணும் கதவும் நாம் செய்வது, எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். புளோயர் வெளியே வாங்குவது, வலப்பக்கம் பொருத்துகிற வலக்கை அமைப்பில் மட்டுமே நமக்கு வருகிறது. வலது செருப்பை எப்படித் திருப்பினாலும் இடது செருப்பு ஆகாது. திரையில் தெரிகிற புளோயர் கடையில் கிடைக்காது என்று விளக்கினேன். அங்கே போய்ப் பொருத்தும் ஃபிட்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மனசு கேட்கவில்லை. புளோயரின் வாயை மேல்நோக்கித் திருப்பி, அதிலிருந்து அறைக்குள் வளைந்து போகும் குழாயோடு வேறொரு படம் வரைந்து அவர் மேசையில் வைத்தேன். அதை அவர் தொடவில்லை. பழைய படத்தின்படியே செய்து, லோடு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மலைக்குப் போன ஃபிட்டர் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, வாயை ரூம்பு பக்கம் வச்சா மோட்டாரு செவத்துக்குள்ள போகுது."

மறுநாள் காலையில், எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் என்னை ஏற்றிவிட்டார் முதலாளி. போய் இறங்கினால், பறித்த ஈரக்காய் மூட்டை மூட்டையாக வாசலில் கிடந்தது. கங்காணி என்னை உள்ளே கூட்டிப் போய் உலர்த்தும் அறைக்கும் இடப்பக்கச் சுவருக்கும் நடுவே நிறுத்தினார்.

"ஸ்தலம் இல்லை சேச்சி. இது வரைஞ்சது ஆரு?"

படத்தின் ஓரத்தில் என் பெயர்தான் இருந்தது. நான்தான் என்றேன். வேறென்ன சொல்ல? அங்கிருந்தே முதலாளியைக் கூப்பிட்டு, அவர் மேசையிலிருக்கும் குழாய்ப் படத்தைக் கீழே கொடுக்கச் சொன்னேன். குழாயை வெட்டி மதிய ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும். இது நிச்சயமாகப் பொருந்துமா என்று அவர் என்னைக் கேட்டார். கையிலிருந்த டேப்பைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. பொருந்தும் என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் குழாய் வந்தது, பொருந்தியது. இருட்டும் நேரத்தில் அறைக்குள் சூடு ஏறியது. ஆனால் காலையிலிருந்து கிடந்த காயின் பச்சை போய்விட்டது; பச்சை போனால் விலையும் போய்விடும். கங்காணி ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டு மறுபடி மூட்டையில் போட்டார்.

இறங்கும் வழியில் முதலாளி கூப்பிட்டார். இன்னொரு எஸ்டேட்டிலும் இடப்பக்கம் கேட்கிறார்களாம், ஊர் வந்ததும் இதே படத்தைக் கீழே பட்டறைக்கு அனுப்ப வேண்டுமாம்.

"அனுப்ப மாட்டேன் அண்ணே. மொதல்ல எடத்தை அளக்கணும். இனி நான் கையெழுத்துப் போடாத படம் கீழ எறங்கக் கூடாது."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் படம் வந்ததும் ஃபிட்டர் முதலில் என் கையெழுத்தைத்தான் தேடுகிறார்.