மாப்பிள்ளையின் கடலோரப் பேச்சு

என் தங்கை வீட்டுக்காரர் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்கிறவர்களில் பாதிப் பேர், அவர் அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று சத்தியம் செய்வார்கள். "கடலோரத்துத் தம்பி இருக்காரா? அவர்கிட்டயே பேசிக்கிறேன்" என்று என்னைப் பேசவிடாமல் அவருக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அலுவலகத்தில் அவர் எனக்குத் தம்பி, வீட்டில் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்பதால்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பார்சல் கம்பெனியின் ஃபோன் பிரிவு. பார்சல் வராதவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள், வாங்கிக்கொண்டு சமாதானம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் கேட்டிருந்தது குடோனில் மூட்டை அடுக்குகிற வேலை. அங்கே இடமில்லை என்று இங்கே தள்ளிவிட்டார்கள். முதல் நாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லச் சொன்னார் பயிற்சி கொடுக்க வந்த மேடம். மாப்பிள்ளை எழுந்தார். வாயைத் திறந்தார். பெயரின் முதல் எழுத்தே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடிக்கொண்டது, வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பரவாயில்ல, அப்புறம் சொல்லுங்க" என்றார் மேடம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டு, வேறெந்தத் திட்டும் வலிக்காத அளவுக்கு அந்த 'பரவாயில்ல' தனக்கு வலிக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். சிறு வயதிலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒரு தலையாட்டல் ஒரு சிரிப்பு என்று காலத்தை ஓட்டியவர். அன்று சாயங்காலத்தோடு வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாராம்.

டீ குடித்து வந்ததும் கூச்சம் போவதற்கு ஒரு விளையாட்டு என்றார் மேடம். எனக்கு இந்த மாதிரிக் கூத்தெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. பிஸ்கட் டப்பா ஒன்றில் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துப் பெயர்: மலை, சந்தை, எல்லைப்புறம், கடலோரம். சீட்டில் வந்த பக்கத்து ஆள் பேசுவது போல, எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாக்கியம் இதுதான்: "உங்க பார்சல் நாளைக்கு வந்துரும், கவலைப்படாதீங்க." எனக்கு மலை வந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஜலதோஷம் பிடித்த ஆளா என்று கேட்டார்கள்.

மாப்பிள்ளைக்குக் கடலோரம் வந்தது. அவர் தெருவில் மீன் விற்க வந்த ஒரு அம்மாள் பேசுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான் முதலீடு. எழுந்து நின்றார். வாக்கியம் முழுசாக வந்தது. ஒவ்வொரு வார்த்தையின் கடைசியையும் நீட்டி, படகில் இருப்பவர் கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல, எங்கும் தட்டாமல், தடுக்காமல். நாங்கள் கை தட்டினோம். அவரோ தனக்குப் பின்னால் நின்று யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பேச்சை அவர் பிறகு கழற்றவே இல்லை. ஹெட்போனை மாட்டினால் கடலோரம்தான். எந்த ஊர் தம்பி என்று யாராவது கேட்டால், ஒரு ஊரையே கட்டி எழுப்புவார். நீலச் சுண்ணாம்பு அடித்த வீடு, கவிழ்த்துப் போட்ட படகு, அதன் நிழலில் தூங்கும் நாய், ஈர மணலில் தன் பாட்டுக்கு நடந்து போகும் நண்டு. பிற்பகலில் ஃபோன் அடங்கி ஏசி மட்டும் முனகிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்து நாற்காலியில் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஹாலின் சுவர்கள் கரைந்து போகும். ஜன்னல் வெளிச்சம் தண்ணீர் மாதிரி மேசை மேல் அசையும். கால் விரலிடுக்கில் மணல் இருப்பது போலவே இருக்கும். யாரோ ஒருவர் பார்சல் வரவில்லை என்று என் காதில் கத்தும்போதுதான் கரையேறுவேன்.

தங்கைக்கு வரன் தேடியபோது நான்தான் அவரைச் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்று கொஞ்ச நேரம் கடலோரத்தில் பேசிவிட்டு, இது என் பேச்சில்லை என்பதைத் தன் சொந்தப் பேச்சில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். அதற்குள் காபி ஆறிவிட்டது. தங்கை அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். அவர்கள் போனதும், "அக்கா, இவரே போதும்" என்றாள்.

மகள் பிறந்ததும் தொடங்கியது வினை. தன் திக்கல் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அவருக்கு ஒரே பயம். கேட்பதால் ஒட்டுகிற விஷயமில்லை இது என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். டாக்டருக்கு ஒரு தலையாட்டல் கிடைத்தது. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில் கடலோரப் பேச்சுதான். அவள் தூங்கிய பிறகுதான் பெண்டாட்டியிடம் சொந்தக் குரல். அந்த நீல வீட்டுக் கதையைக் கேட்டுத்தான் குழந்தை தினமும் கண் அசரும். அம்மா பேச்சை விட்டுவிட்டு அப்பா பேச்சைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் எப்போது கடலோரத்திலிருந்து குடி வந்தீர்கள் என்று பள்ளிக்கூட டீச்சர் கேட்டாராம்.

"வீட்டுக்குள்ள எதுக்கு மாப்ள இந்த வேஷம்?" என்று நான் கேட்டேன். எனக்கும் ஒரு சிரிப்புதான் கிடைத்தது.

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது வந்தேவிட்டது. முதலில் ஒரு எழுத்து தட்டியது, பிறகு ஒரு வார்த்தை. கவனிக்காத மாதிரி எல்லோரும் நடித்தோம். மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் வருடா வருடம் குடும்பத்தோடு கூடுவோம், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் பேசிக் காட்டச் சொல்வார்கள். அங்கே பிள்ளைகளுக்கும் அந்தச் சீட்டு விளையாட்டை வைக்கச் சொல்லி மேடத்திடம் அவரே போய்க் கேட்டார். தனக்குத் திறந்த கதவு அவளுக்கும் திறக்கும் என்று நம்பினார்.

குழந்தை சீட்டை எடுத்தாள். நடுவில் நின்றாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை தூரத்திலிருந்து கையைக் காட்டினார், கடலோரத்தில் சொல்லு என்று. அவள் கடலோரத்தில்தான் முயன்றுகொண்டிருந்தாள். அவருக்கு அது இரவல் சட்டை, குழந்தைக்கு அதுதானே சொந்தத் தோல்? அவள் வேறெங்கே போய் ஒளிவாள்? எனக்கே அப்போதுதான் உறைத்தது. "பரவாயில்லம்மா, அப்புறம் சொல்லலாம்" என்றார் மேடம்.

அன்றிலிருந்து குழந்தை பேச்சை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல், ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு யாருடையது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். இப்படியே விட்டால் இவளும் அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டே வளர்ந்துவிடுவாள் என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மத்தியான வெயில் ஜன்னல் திரை வழியாக மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் காதுபட, முதல் முறையாகத் தன் பேச்சில் பேசினார்.

"அ... அ... அப்பாவுக்கும் இ... இப்படித்தாம்மா."

குழந்தையின் முகம் சுருங்கியது. அலுவலகமே கூப்பிட்டு நடிக்கச் சொல்லும் அப்பா. எல்லோரையும் பேசிக் காட்டுகிறவர் இப்போது தன்னையும் பேசிக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள். பல நாளாக மூடியிருந்த வாய் திறந்தது.

"எ... என்ன மாதிரி பே... பேசிக் காட்டாதப்பா."

சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

தங்கை துணியைப் போட்டுவிட்டுக் கட்டிலருகே குனிந்தாள். "இது விளையாட்டு இல்லடி. அப்பா நெஜமா பேசுறதே இப்படித்தான். அந்தக் கடலோரப் பேச்சுதான் விளையாட்டு."

அந்த நீல வீடும் பொய்யா என்று கட்டிலுக்கு அடியிலிருந்தே திக்கிக்கொண்டு கேட்டாள். மாப்பிள்ளை ஆமாம் என்று தலையசைத்தார். குழந்தை கொஞ்சம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த வீட்டில் நானும்தானே குடியிருந்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அப்பாவின் எதிரில் நின்றாள். பேசு என்று கையால் காட்டினாள்.

அவர் அவளுடைய பெயரைச் சொல்லத் தொடங்கினார். தங்கை வைத்த பெயர் அது, அவருக்குச் சுலபத்தில் வராத எழுத்தில் தொடங்குவது. சொந்தக் குரலில் அதைச் சொல்லி ஒரு நாளும் அவர் கூப்பிட்டதில்லை. முதல் எழுத்து நின்றது. கண் மூடியது, நரம்பு புடைத்தது. நானே சொல்லி முடித்துவிடலாமா என்று என் நாக்கு துடித்தது. தங்கை என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவசரப்படவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குடம் நிறையக் காத்திருப்பவளைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் துண்டு துண்டாக வந்து, கடைசியில் முழுசாக வந்து சேர்ந்தது.

"எ... என்னப்பா?" என்றாள்.