சம்பந்தியம்மாளின் வெள்ளைச் செருப்பு

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வெள்ளைப் பள்ளிக் காலணி கழுவும் நாள். வாசலில் கிடப்பதையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளை பூசி, வேலியில் காய வைக்க வேண்டும். என்னிடம் வளரும் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் இதைப் பழக்குவதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது.

இன்று செங் ஊரிலிருந்து மருமகனின் அம்மா வந்திருந்தார். என்னால் சமாளிக்க முடியாவிட்டால் பிள்ளைகளைத் தன்னோடு அழைத்துப்போவதாகப் பேச்சு.

பேசி முடிக்கும்வரை பிள்ளைகளிடமிருந்து சத்தமே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

கிளம்பும்போது அவருடைய செருப்பைக் காணோம். வேலியில், சுதந்திர தினக் கொடிக்குப் பக்கத்தில், அந்தப் பழுப்புத் தோல் செருப்பு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது.

"வாசல்ல இருக்கிறத எல்லாம் கழுவணும்னு நீங்கதானே தாத்தா சொன்னீங்க," என்றாள் மூத்தவள்.

"பிள்ளைங்க சொன்னதச் செஞ்சிருக்குங்க சம்பந்தி, இங்கயே இருக்கட்டும். நீங்கதான் இன்னும் தெளிவாச் சொல்லப் பழகணும்," என்றார் சம்பந்தியம்மாள்.

என் ரப்பர் ஜப்பான் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். செருப்பை வாங்க அடுத்த வெள்ளிக்கிழமை வருவாராம். வேறு கிழமை வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோலில் பூசிய வெள்ளை எதில் போகும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். கழுவிப் பார்க்கிறோம் என்று நால்வரும் வாளியோடு நிற்கிறார்கள்.