இங்கிலாந்து மழையும் என் கிரீன் கார்டும்

இன்று மதியம் மேனேஜர் வீட்டில் பார்பிக்யூ. மனிதர் கோல்ஃப் பைத்தியம். பேச ஏதாவது வேண்டுமே என்று காலை ஆறு மணிக்கே எழுந்து, இங்கிலாந்தில் நடக்கும் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தை டிவியில் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் அங்கே மழை கொட்டியது.

"மழை வந்துடுச்சுடா, இனிமே எங்க ஆடப் போறாங்க? கவர் போட்டு மூடிடுவாங்க. போய்ப் படு," என்றான் ரூம்மேட் செந்தில். இருவருமே கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். டிவியை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

கடைசிக் குழியில் அடித்த ஷாட்டைப் பார்த்தாயா என்று மதியம் மேனேஜர் ஆசையாகக் கேட்டார்.

மழையால் ஆட்டம் டிரா ஆகியிருக்குமே என்றேன்.

கையிலிருந்த பர்கரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நனைந்துகொண்டே ஆடி முடித்தார்களாம்!

ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நண்பர்களே, யாராவது அந்த ஆட்டத்தை டேப் செய்தீர்களா? நாளை காலைக்குள் பார்த்தாக வேண்டும். என் கிரீன் கார்டு பேப்பர் கையெழுத்துக்காக அவர் மேசையில்தான் இருக்கிறது.