சித்தப்பா பங்குக்கு வந்த பாய்

எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தபோது, நிலத்தையும் மாடுகளையும் பிரித்து முடித்த ஊர்ப் பெரியவர்கள் படகைப் பார்த்துத் திகைத்து நின்றார்களாம். மரக்காணத்து உப்பைக் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் படகு அது. இரண்டாக அறுக்கவா முடியும்? படகும் பாய்மரமும் அப்பாவுக்கு, அதில் கட்டும் பாய் சித்தப்பாவுக்கு என்று தீர்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

உப்பெல்லாம் லாரியில் போகத் தொடங்கிய காலம். வெயிலில் கிடந்தால் பலகை பிளந்துவிடும் என்று அப்பா படகைக் கால்வாய் ஓரத்திலேயே மூழ்கடித்து வைத்தார். சித்தப்பா பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் நின்றன. உப்பு வியாபாரி அப்பாவைத் தேடி வந்தார். அப்பா படகை மேலே தூக்கி, சேற்றை வழித்து, விரிசல்களில் சணலைத் திணித்துத் தார் பூசினார். ஆறு வயதுக்காரி நான் பாவாடையெல்லாம் தாராக்கிக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். பாய் மட்டும்தான் பாக்கி.

“நான் போயி ஒரு வார்த்தை கேக்கறேங்க. தரமாட்டேன்னா சொல்லிடுவாரு?” என்றாள் அம்மா.

“அவனா கொண்டாந்து குடுக்கட்டும். காத்து இல்லன்னா கயிறு கட்டி இழுத்துக்கினு போறதில்லயா? அப்பிடிப் போறேன்.”

சித்தப்பாவோ, அண்ணன் வாசலுக்கு வந்து கேட்டால் அந்த நிமிஷமே கொடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வீடு பக்கத்திலேயே இருந்தது.

படகில் ஓர் ஆளைக் கோல் ஊன்ற வைத்துவிட்டு, அப்பா மார்பில் கயிற்றைப் பூட்டிக்கொண்டு கரையோடு நடந்தார். பட்டணம் வடக்கே இருந்தது. காற்றும் வடக்கு நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது. உப்பு மூட்டைகளோடு அப்படிச் சில நடை போய்வந்தார். ஒரு நாள் திரும்பி வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். விடிந்தபோது அம்மா அலறினாள்.

முதலில் ஓடி வந்தவர் சித்தப்பாதான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, “ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாண்ணே” என்று அழுதார். பிறகு எழுந்து போய்ப் பாயைத் தோளில் சுமந்து வந்தார். துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார, வாசலில் நான்கு கழிகளை நட்டு, அதை நிழலுக்கு விரித்துக் கட்டினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடி அப்பாவின் தோளை உலுக்கினேன்.

“எழுந்திருப்பா. சித்தப்பா பாயைக் கொண்டாந்துட்டாரு.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். வெளியே தென்காற்றில் பாய் உப்பியது. இனிமேல் அப்பா கயிறு இழுக்க வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.