மலையடிவாரத்தில் விட்ட ஷூக்கள்

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். வாசலில் நின்று அண்ணாந்தால் மலை, மலைமேல் கோயில், ஐந்நூறுக்கு மேல் படி. பௌர்ணமி தவறாமல் என் மனைவி ஏறுவாள். ஏறும்போது பேச்சும் நிற்காது, மூச்சும் வாங்காது. நானும் கூடப் போவேன். பாதி வழியில் சாய்ந்துகொள்ள ஒரு தூண் இருக்கிறது. அதற்கும் எனக்கும் நெடுநாள் சிநேகிதம்.

என் பிழைப்பு வண்டி ஓட்டுவது. காலையில் ஆபீஸ் ஆட்களை ஏற்றிச் சிறுசேரியில் இறக்குவேன், சாயங்காலம் திரும்ப ஏற்றுவேன். ஸ்டீயரிங்குக்கும் எனக்கும் நடுவில் கிடந்த காலியிடத்தை என் வயிறு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் போட்டுக்கொண்டது.

அந்தச் சிறுசேரியில்தான் என் மகளுக்கும் வேலை. ஒருநாள் மேற்கே ஒரு மழைக்காட்டு மலையின் படத்தைக் காட்டினாள். வனத்துறையில் அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு ஒரே நாளில் உச்சிக்குப் போய்த் திரும்பலாமாம். "அம்மா மட்டும் ரூம்லயே இருக்கட்டும்பா. போன வருஷந்தான் டாக்டர் முட்டி தேஞ்சிருக்குன்னாரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"காதுல வுழுந்துச்சு. நான் உச்சிக்குப் போயி நிக்கறேன், பாரு. நடுவுல எங்கனா ஒக்காந்துட்டேன்னு வையி, அப்பால என்னை எந்த ஊருக்கும் கூப்டாதீங்க. வூட்லயே கெடக்கறேன்."

இதைச் சும்மா பேச்சு என்று தள்ள முடியாது. கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் போன சொந்தக்காரர் வீட்டு வாசலை அவள் மிதித்துப் பதினோரு வருஷமாகிறது. உச்சிக்குப் போகாவிட்டால் இனி அவள் எங்களோடு எங்கும் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மகள் எல்லோருக்கும் நல்ல ஷூவாக வாங்கினாள். என் மனைவியின் தம்பியும் சேர்ந்துகொண்டான். மாமல்லபுரம் ரோட்டில் இளநீர்க் கடை வைத்திருப்பவன். மரம் ஏற ஆள் வைத்திருப்பதால் அவன் தரையை விட்டுக் கிளம்புவதே கிடையாது.

மலையடிவாரத்தில் வழிகாட்டி ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"பன்னண்டு மணிக்குள்ள ஆத்தைத் தாண்டிரோணுங்க. தாண்டலீன்னா ஃபாரஸ்ட் வாட்ச்சர் மேல வுடமாட்டாரு. மத்தியானம் மழை எறங்குச்சுன்னா தண்ணி வந்துருமுங்க."

சொல்லிவிட்டு மகளோடு செக்போஸ்ட்டுக்குக் கையெழுத்துப் போடப் போனார். நாங்கள் மூவரும் நின்றோம். பாதை பத்துப் பன்னிரண்டு கல்படியோடு தொடங்கியது. முதல் படிக்குப் பக்கத்தில், மரத்தடியில், மஞ்சள் குங்குமம் பூசிய ஒரு கல். அது போதுமாக இருந்தது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். மச்சான் கழற்றினான், சாக்ஸை மடித்து உள்ளே செருகினான். நானும் கழற்றினேன். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலை ஏறுவதென்றால் செருப்பு அடிவாரத்தில். பிறந்ததிலிருந்து எங்கள் கால்களுக்கு அதுதான் தெரியும்.

மகளும் வழிகாட்டியும் வந்து வேகமாக முன்னே நடந்தார்கள். ஒற்றையடிப் பாதை. நாங்கள் பின்னால். அரைமணி நேரம் கழித்து மச்சான் நின்றான்.

"மாமா, கால்ல இன்னாவோ ஊர்து."

அட்டை. ஒன்றில்லை, நாலு. சத்தம் கேட்டு மகள் திரும்பினாள். ஆறு வெறுங்கால்களையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஷூ எங்க?"

"கீழ."

"கீழன்னா?"

"சாமி கிட்ட" என்றாள் மனைவி, வேறெங்கே இருக்கும் என்பதுபோல.

வழிகாட்டி விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் எடுத்து வந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பன்னிரண்டுக்குள் ஆற்றைத் தாண்ட முடியாது.

"அவ்ளோதாம்மா. வா, எறங்கிடலாம்."

மனைவி தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு மேலே போகிற பாதையைப் பார்த்தாள்.

"ஏன், வெறுங்கால்ல மலை ஏற எனக்குத் தெரியாதா?"

வழிகாட்டி உப்பும் புகையிலையும் சேர்த்து முடிந்த துணியொன்றைக் கொடுத்தார். காலில் தேய்த்துக்கொண்டு நடந்தோம். அவள் கால்விரல்கள் வேரையும் பாறையையும் பிடித்துப் பிடித்து ஏறின. புது ஷூ போட்ட மகள் பாசியில் இரண்டு முறை வழுக்கினாள். இரண்டு முறையும் அம்மாதான் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

பின்தங்கியது நானும் மச்சானும்தான். பத்தடிக்கு ஒருமுறை நின்று அட்டையைப் பிடுங்கினோம். "கொசுன்னா குத்திட்டுப் பூடும் மாமா. இது வந்து குடித்தனம் பண்ணுது" என்றான் மச்சான். தலைக்கு மேல் பெரிய இருவாச்சிப் பறவை ஒன்று இறக்கை இரைய இரையப் பறந்தது. அவன் அண்ணாந்து பார்த்து, "இங்க ஏது மாமா செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயினு?" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு முட்டி வலிக்கும், துணைக்கு நானும் உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் கிளம்பும்போதே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவள் முட்டியை நம்பித்தான் அத்தனை தூரம் ஏறினேன்.

ஆற்றை அடைந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாட்ச்சர் கையை நீட்டி மறித்தார். அக்கரைப் பாறையில் மனைவியும் மகளும் வழிகாட்டியும் நின்றிருந்தார்கள்.

"இன்னாங்க, நான் திரும்பி வந்துடட்டா?" என்று கத்தினாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"முட்டி இன்னா சொல்லுது?" என்றேன்.

"அது இன்னிக்கி வாயே தொறக்கல."

"அப்ப போய்ட்டு வா."

போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் பாறையில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஏழு பேர் வந்தார்கள், வெறுங்காலில், ரத்தம் வழிய. அவர்களையும் வாட்ச்சர் நிறுத்தினார். பெரியவர் ஒருவர் புலம்பினார்.

"கீழ மூணு ஜோடி ஷூ இருந்துச்சு சார். இங்க இதான் வழக்கம் போலன்னு நாங்களும் கழட்டிட்டோம். எவன் பார்த்த வேலையோ."

நான் பாதத்தை வேட்டியால் மூடலாமென்று பார்த்தேன். வேட்டி இல்லை, பேண்ட். மச்சான் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, "படிச்சவங்களே இப்டித்தான் பண்றாங்க சார்" என்றான்.

அவர்கள் சாப்பிட்டு இளைப்பாறிக் கிளம்பும் நேரத்துக்கு என் மனைவி இறங்கி வந்தாள், முழுக்க நனைந்து.

"உச்சியில இன்னா தெரிஞ்சுது?" என்றான் மச்சான்.

"ஒண்ணுந் தெரியல. ஒரே மேகம். கையை நீட்னா கை தெரியல. ஆனா நின்னேன். வேணும்னா இவளக் கேட்டுக்க."

மகள் தலையாட்டினாள். பெரியவர் என் மனைவியின் காலைப் பார்த்து, "நீங்களும் ஏமாந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நான் ஏன் ஏமாறணும்? மொத ஜோடி என்துதான்."

மச்சான் தண்ணீரில் ஏதோ மீனைத் தேட ஆரம்பித்தான்.

அவர்களுக்கு முன்னால் நாங்கள் இறங்கி வந்து பார்த்தால் மரத்தடியில் பத்து ஜோடி வரிசையாக இருந்தன. மகள் வண்டியைக் கூப்பிடப் போனாள். மனைவி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை.

"முட்டி போச்சுங்க. மடங்கவே மாட்டேங்குது. அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் என் காதருகே.

வயிறு இடிக்க இடிக்க மண்டியிட்டு, அவள் காலில் ஷூவை மாட்டிக் கயிறு கட்டினேன். அப்போது மகள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னப்பா, புதுசா இருக்கு?"

"ஆசையா கீது, கட்றேன். ஒனக்கு இன்னா?" என்றேன்.

என் மகளுக்கு உட்கார்ந்து தமிழ் படிக்கிற பொறுமை கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.